அப்பா வீட்டில் இல்லையாம்!

தவணை கேட்டு லீசிங் கம்பனிக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து வாசலில் நிற்கிறார். உள்ளே கட்டிலில் இருக்கும் அப்பா கையால் சைகை காட்டுகிறார். ஏழு வயதுப் பிள்ளை கதவைப் பாதி திறந்து, “அப்பா வீட்டில் இல்லையாம்” என்கிறது. வந்தவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, நாளை வருவதாகச் சொல்லிவிட்டுப் போகிறார். முச்சக்கர வண்டியைத் தவணைக்கு எடுத்து ஓட்டும் கண்டிக் குடும்பங்களுக்கு இது பழகிப்போன காட்சி. கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிப்பதற்கும் உதவுகிறது.

வீட்டுப் பணக் கஷ்டத்தைப் பிள்ளைகளிடம் சொல்லலாமா, சொன்னால் அதுகளின் மனம் உடைந்துபோகாதா என்று பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வாசலுக்கு அனுப்பப்பட்ட அந்தப் பிள்ளை ஏற்கெனவே விவகாரத்துக்குள் வந்துவிட்டது. அதற்கு வேலை கொடுத்தாகிவிட்டது. விளக்கம் மட்டும் கொடுக்கவில்லை.

கடைக் கொப்பியையும் பாருங்கள். மஹியாவையிலும் கட்டுக்கலையிலும், மேலே ஹந்தானைத் தோட்டத்து லயங்களிலும் சம்பள நாள் வரும்வரை கடைக்குப் பிள்ளையைத்தான் அனுப்புவார்கள். “ஒரு கிலோ மாவும் அரைக் கிலோ பருப்பும் வாங்கிட்டு, கொப்பியில எழுதச் சொல்லு.” பெரியவர்கள் போனால் முதலாளி பழைய பாக்கியைக் கேட்பார். பிள்ளையிடம் கேட்கமாட்டார், கேட்டாலும் மெதுவாகக் கேட்பார். இந்தக் கணக்கு அம்மாவுக்குத் தெரியும், முதலாளிக்கும் தெரியும். நடுவில் நிற்கும் பிள்ளைக்கும் தெரியும் என்பதைத்தான் நாம் ஒப்புக்கொள்வதில்லை.

ஆகவே, கஷ்டத்தைச் சொல்வதா வேண்டாமா என்ற கேள்வி எப்போதோ காலாவதியாகிவிட்டது. பிள்ளை பாதியைக் கேட்டு மீதியைத் தானாகக் கற்பனை செய்துகொள்ளட்டும் என்று விடுவதா, உள்ளதை உள்ளபடி அதற்குப் புரிகிற அளவில் சொல்வதா என்பதே இன்று நம்முன் இருப்பது.

கியூவில் நின்ற பிள்ளைகள்

2022ஆம் ஆண்டை இலங்கையில் எந்தப் பிள்ளையிடமும் மறைக்க முடியவில்லை. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. அதற்கு முன்பே, மார்ச் மாதக் கடைசியில், ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் இல்லை. 400 கிராம் பால்மா பக்கற் 790 ரூபாவானது. ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே தாவலில் 340 ரூபாவுக்குப் போனது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். பெற்றோல் இல்லாமல் பாடசாலைகள் வாரக்கணக்கில் மூடிக் கிடந்தன. காஸ் சிலிண்டருக்கு அம்மா ஒரு வரிசையில் நிற்க, மண்ணெண்ணெய்க் கேனோடு மகன் இன்னொரு வரிசையில் நின்றான்.

அந்த நாட்களில் வீடுகளில் பேச்சு எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். “நாட்டில டொலர் இல்ல மகன், அதனாலதான் பால்மா இல்ல.” எந்தத் தகப்பனும் இதைச் சொல்லக் கூசவில்லை. எட்டு வயதுப் பிள்ளைகள்கூட டொலர், ஐ.எம்.எஃப். என்று பேசின. தேநீர் சாயமாக வந்தாலும் ஏன் என்று கேட்கவில்லை. இதே கண்டி மாவட்டம் அதற்கு நான்கு வருடங்களுக்கு முன், 2018 மார்ச்சில், திகன, தெல்தெனிய பக்கத்தில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்ததைக் கண்டது. ஓர் இரவில் முதலை இழந்த வாப்பாமார், எரிந்த கடைக்கு முன்னால் பிள்ளைகளை வைத்துக்கொண்டே பேசினார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு மலை சரிந்து நாட்டில் 600க்கு மேற்பட்டோர் இறந்தபோது, கண்டி மாவட்டத்தின் இழப்பே மிகப் பெரியதாக இருந்தது. அப்போதும் முகாமில் தங்கிய பிள்ளைகளுக்கு, வீடு போனது, சாமான் போனது, அடுத்து எங்கே போவோம் என்பதெல்லாம் தாய் வாயாலேயே சொல்லப்பட்டது.

பிள்ளைக்குப் புரியாது, தாங்காது என்ற சாக்கு அந்த நேரங்களில் எங்கே போனது? நாடே வரிசையில் நின்றால் சொல்கிறோம். ஊரே எரிந்தால் சொல்கிறோம். நம் வீட்டு நகை மட்டும் அடகுக்குப் போனால், லீசிங் தவணை மூன்று மாதம் பிந்தினால், சீட்டுப் பிடித்தவள் ஓடிவிட்டால் சொல்வதில்லை. பிள்ளையின் மென்மையான மனம் ஒரு திரைதான். அதற்குப் பின்னால் நிற்பது நம்முடைய வெட்கம். பிள்ளை ஸ்கூல் வேனில் சொல்லிவிடும், வேன் முழுக்கப் பரவிவிடும், பின்னேரத்துக்குள் மச்சாள் வீட்டுக்குத் தெரிந்துவிடும். நம் பயம் இதுதான். அந்தப் பயம் பொய்யும் அல்ல, கண்டி சின்ன ஊர். ஆனால் அதைப் பிள்ளைமேல் வைத்த அன்பு என்று பெயர் மாற்றிச் சொல்லிக்கொள்வதுதான் தொந்தரவு. அன்பு என்று நம்பினால் மாற்ற வேண்டிய தேவையே வராது அல்லவா?

இந்த வெட்கம் தேவையற்றது என்பதற்குக் கணக்கும் இருக்கிறது. நெருக்கடியின் தாக்கம் பற்றித் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2023இல் நடத்திய ஆய்வில், 60.5 சதவீதக் குடும்பங்களின் வருமானம் குறைந்திருந்தது, 91 சதவீதக் குடும்பங்களின் செலவு கூடியிருந்தது. ஏறக்குறைய ஐந்தில் ஒரு குடும்பம், 22 சதவீதம், நெருக்கடியால் கடனாளியாகியிருந்தது. படித்துக்கொண்டிருந்த 3 முதல் 21 வயது வரையானவர்களில் 54.9 சதவீதத்தினரின் கல்வி பாதிக்கப்பட்டிருந்தது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கொப்பி, பேனை போன்ற பாடசாலைச் சாமான்கள் வாங்குவதைக் குறைத்தோ நிறுத்தியோ இருந்தார்கள். ஸ்கூல் வேனில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் எத்தனை வீட்டில் இதே கதை என்று எண்ணிப் பார்க்கலாம். ஒவ்வொரு வீடும் தன் வீட்டில் மட்டும்தான் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டிருக்கிறது.

பேர் விழுந்த நாளும் சம்பளத் துண்டும்

கண்டியைச் சுற்றியுள்ள மலைகளுக்குக் கடன் புதிதல்ல. ஹேவாஹெட்ட பக்கத்து லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை பயிரிட்டதற்கு முன்பே, கோப்பிக் காலத்திலேயே, தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் கங்காணியின் முற்பணத்தில்தான் கப்பல் ஏறினார்கள். வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் கடனில் ஏறின. தோட்டம் மாற வேண்டுமானால் ‘துண்டு’ வேண்டும். இவர் இவ்வளவு கடன் வைத்திருக்கிறார், அதைக் கட்டுகிற தோட்டம் இவரை எடுத்துக்கொள்ளலாம் என்பதற்கான சீட்டு அது. குடும்பத்தோடு கடனும் கூடையில் ஏறித் தோட்டம் தோட்டமாகப் போனது. 1921இல்தான் சட்டம் போட்டுத் துண்டு முறையை ஒழித்தார்கள். கடன் எவ்வளவு என்று கங்காணிக்குத் தெரியும், துரைக்குத் தெரியும். எழுத்து தெரியாத கடனாளிக்குத்தான் சரியாகத் தெரியாது.

அதற்குப் பின் வந்த மாற்றத்தில் பிள்ளைகளின் பங்கு பெரியது. தோட்டத்துப் பாடசாலை எப்படி இருந்தாலும் அதற்குப் போன பிள்ளைதான் வீட்டுக்குக் கணக்கு வாசித்துக் காட்டியது. கலஹா, தெல்தோட்டை, புசல்லாவ, மடுல்கலைப் பக்கத்து லயங்களில் சம்பளத் துண்டைப் பேரப்பிள்ளை கையில் கொடுத்து “எத்தனை பேர் விழுந்திருக்கு பாரு” என்று கேட்கும் பாட்டிமார் இன்றும் இருக்கிறார்கள். பேர் விழுவது என்றால் ஒரு நாள் வேலை கணக்கில் பதிவாவது. எத்தனை நாள் முழுப் பேர், எத்தனை நாள் அரைப் பேர், கைக்காசு எவ்வளவு, சேமலாப நிதிக்குப் பிடித்தது, சங்கத்துக்குப் பிடித்தது, தீபாவளி முற்பணத்துக்குப் பிடித்தது, கோயிலுக்குப் பிடித்தது, கையில் வருவது எவ்வளவு என்று எல்லாவற்றையும் பிள்ளை உரக்க வாசிக்கும். பத்து வயதில் கழித்தலை இதைவிட நன்றாகக் கற்றுக்கொடுக்கும் பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. தீபாவளிக்கு வாங்கிய சட்டைக்கான காசு மாதாமாதம் துண்டில் கழிகிறது என்று தெரிந்த பிள்ளை, அடுத்த தீபாவளிக்குக் கேட்கும்போது கொஞ்சம் யோசித்துத்தான் கேட்கும்.

நாட்சம்பளம் 2021இல் ஆயிரம் ரூபாவானதும், 2024இல் 1,350 ஆனதும், 2026 வரவு செலவுத் திட்டத்தில் வருகைக் கொடுப்பனவோடு சேர்த்து 1,750 என்று அறிவிக்கப்பட்டதும் லயத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். கண்டி நகரத்தில் வங்கியிலோ கச்சேரியிலோ வேலை செய்பவரின் பிள்ளையிடம் அப்பாவின் சம்பளம் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். தெரியாது. கேட்பதே மரியாதையில்லை என்று வளர்க்கப்பட்டிருக்கும். பணத்தைப் பற்றிப் பேசுவதில் லயம் டவுனைவிட முன்னால் நிற்கிறது என்பது என் அபிப்பிராயம். வறுமை கற்றுக்கொடுத்த ஒன்று என்பதற்காக அதைக் குறைவாக எண்ண வேண்டியதில்லை.

டவுன் பிள்ளைக்குச் சேமிப்பு தெரியும். உண்டியல் தெரியும், வங்கிக்காரர் பாடசாலைக்கு வந்து தரும் பரிசு தெரியும், சிறுவர் கணக்கில் ஐயாயிரம் சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்று தெரியும். கடன் என்றால் என்ன, வட்டி எப்படி ஏறுகிறது, அடகு மீட்கத் தவறினால் என்ன ஆகும் என்பது தெரியாது. நாளிதழ்களில் மீட்கப்படாத நகைகளின் ஏல அறிவித்தல் பக்கம் பக்கமாக வரும். பெயர் இருக்காது, சீட்டு இலக்கம் மட்டும் இருக்கும். அந்தப் பக்கத்தைப் பிள்ளையோடு உட்கார்ந்து ஒருமுறை வாசித்த வீடு எத்தனை? சிறுவர் கணக்கிலுள்ள பணத்தைப் பொதுவாகப் பதினெட்டு வயதுவரை எடுக்க முடியாது. உண்டியலுக்கு அந்தக் காவல் இல்லை. கஷ்ட காலத்தில் முதலில் உடைவது அதுதான். உடைப்பது தப்பில்லை, கேட்காமல் உடைப்பதுதான் தப்பு. “உன் சல்லியை எடுக்கப் போறேன், சம்பளம் வந்ததும் திருப்பி வைக்கிறேன்” என்று சொல்லி எடுத்து, சொன்னபடி திருப்பி வைத்தால், கடன் என்பதற்கு அதைவிடச் சிறந்த விளக்கமே தேவையில்லை.

பணம் குறைவது ஒன்று, அப்பா மாறுவது வேறு

அமெரிக்காவில் 1929இல் தொடங்கிய பெரும் பொருளாதார மந்தத்தில் வளர்ந்த ஓக்லண்ட் நகரப் பிள்ளைகளின் வாழ்க்கையைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பதிந்த ஓர் ஆய்வை வைத்துச் சமூகவியலாளர் கிளென் எல்டர் 1974இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். வருமானம் போன வீடுகளில் பிள்ளைகளைக் கூடுதலாகத் தாக்கியது பசியும் பழைய சட்டையும் அல்ல, அப்பாவின் நிலைகொள்ளாத கோபம். ஏன் என்று தெரியாமல் வந்த அடி, ஏன் என்று தெரியாமல் வந்த மௌனம். அதே வீடுகளில் கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் வீட்டு வேலையிலும் சின்னச் சம்பாத்தியத்திலும் தோள் கொடுத்து, பிற்காலத்தில் நன்றாகவே தலையெடுத்தார்கள். ஆனால் பெர்க்லி நகரத்தில் அந்த நாட்களில் மிகச் சிறியவர்களாக இருந்த பிள்ளைகளை, அதிலும் ஆண் பிள்ளைகளை, அது கடுமையாகப் பாதித்தது.

அப்பாவுக்கு ஏன் அந்தக் கோபம் வருகிறது என்பதற்கு நம் பக்கத்திலிருந்தே ஒரு விடை உண்டு. தமிழ்நாட்டில் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்னும் பின்னும் ஆனந்தி மணியும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் சோதித்துப் பார்த்து, முடிவை 2013இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். அறுவடைக்கு முன் 78 சதவீதத்தினர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள், பணம் வந்தபின் 4 சதவீதம்தான். அதே மனிதர்கள்தான், ஆனால் கைமுட்டான மாதத்தில் புதிர்களை விடுவிக்கும் திறன் தெளிவாகக் குறைந்திருந்தது. கடன் மூளையில் இடம் பிடித்துக்கொள்கிறது. மீதமுள்ள இடத்தில் பொறுமை தங்குவதில்லை. பிள்ளை கலர் பென்சில் கேட்டதற்கு நாம் ஏன் அப்படிக் கத்தினோம் என்று நமக்கே பிறகு விளங்காமல் போவது இதனால்தான்.

பிள்ளைக்கு இது வேறு மாதிரி விளங்குகிறது. தான் கேட்டதால்தான் வீட்டில் சண்டை என்று நினைக்கும். சின்னப் பிள்ளைகள் எதற்கும் தம்மையே காரணமாக்கிக்கொள்ளும். சைக்கிள் கேட்டேன், அம்மா அழுதாள் என்று அது கணக்குப் போட்டுவிடும். இதைத் துடைப்பதுதான் முதல் வேலை. கத்திய அன்றைக்கே, “உன்மேல கோபம் இல்ல. கடையில வேலை குறைஞ்சிருச்சு, அதனால அப்பாவுக்குக் கவலை. நீ கேட்டதால இல்ல” என்று சொல்வதற்கு அரை நிமிடம் போதும்.

ஆறேழு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவும், இனி என்ன மாறும், என்ன மாறாது என்பதும் போதும். வேன் நின்றுவிடும், அம்மா பஸ்ஸில் கூட்டிப் போவாள். பாடசாலை மாறாது, வீடு மாறாது, நாங்கள் எல்லோரும் சேர்ந்தே இருப்போம். எல்லாவற்றையும்விட இந்தக் கடைசி வசனத்துக்காகத்தான் பிள்ளை காத்திருக்கும். வீடு மாறவேண்டி வரலாம் என்றால் மாறாது என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ஒரு தடவை பொய்த்தால் அடுத்த தடவை நீங்கள் சொல்லும் உண்மையும் எடுபடாது.

பதின்மூன்று, பதினான்கு வயதென்றால் தொகையையே சொல்லலாம். சாதாரண தரப் பரீட்சைக்கு மூன்று டியூஷன் போகும் பிள்ளையிடம், மாதம் இவ்வளவு வருகிறது, கடனுக்கு இவ்வளவு போகிறது, மூன்றில் ஒன்றை நிறுத்த வேண்டியிருக்கிறது, எதை விடலாம் என்று கேளுங்கள். நீங்களாக முடிவெடுத்து நிறுத்தினால் அது தண்டனையாகப் படும். இலவசக் கல்வி 1945இலிருந்து இருக்கும் நாட்டில் டியூஷன் ஏன் இவ்வளவு செலவாகிறது என்று பிள்ளை திருப்பிக் கேட்டால், அதற்குப் பதில் சொல்ல நானும் வரமாட்டேன்.

நகை விஷயம் இன்னும் கூர்மையானது. சாமத்தியச் சடங்குக்கு மாமா போட்ட சங்கிலி, தாத்தா தந்த தோடு எல்லாம் “உனக்குத்தான்” என்று சொல்லிச் சொல்லி வைக்கப்பட்டவை. 2025 இறுதியில் பவுன் மூன்று லட்சம் ரூபாவைத் தாண்டியிருந்தது. ஆபத்துக்கு அதை வங்கியில் வைப்பது புத்திசாலித்தனம்தான். ஆனால் பெரும்பாலும் மகளுக்குத் தெரியாமல்தான் அது அலுமாரியிலிருந்து போகிறது. உறவுக்காரர் கல்யாணத்துக்குப் புறப்படும்போது தேடுவாள், “வங்கி லொக்கர்ல இருக்கு” என்பார்கள். அவளுக்குத் தெரிந்துவிடும். முன்கூட்டியே கேட்டிருந்தால், பதினைந்து வயதுப் பிள்ளை வேண்டாம் என்று சொல்லியிருக்குமா? அடகுச் சீட்டில் மீட்கும் திகதியை அவளே கலண்டரில் குறித்துவைக்கட்டும். தன்னுடைய பொருளுக்குத் தான் காவல் என்பது ஒரு பெண்ணுக்கு இந்த வயதிலேயே தெரிந்திருப்பது நல்லது.

உண்மையைச் சொல்வது என்றால் எல்லாவற்றையும் கொட்டிவிடுவது அல்ல. மூத்த மகளைப் பக்கத்தில் இருத்தி, அப்பாவின் குடியையும் சித்தப்பா ஏமாற்றியதையும் வட்டிக்காரன் பேசிய வார்த்தையையும் இராத்திரி முழுக்கச் சொல்லி அழும் தாய்மாரும் நம்மிடையே உண்டு. அந்தப் பாரம் தாயின் தோழிக்கு உரியது, மகளுக்கு உரியது அல்ல. இன்னொரு வசனம் இருக்கிறது, கோபத்தில் வருவது: “உனக்காகத்தான் இவ்வளவு கடனும்!” இதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை உயர்தரத்தில் ஒரு பாடம் பிழைத்தாலும் வட்டி கட்டாத குற்றவாளிபோலத்தான் வீட்டுக்கு வரும். கடனே உயிரைக் குடித்துவிடும் போலிருக்கிறது என்று பெரியவர்களுக்குத் தோன்றினால் 1926ஐ அழைக்கலாம், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம். பிள்ளைகளுக்கான இலக்கம் 1929, சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையுடையது. இரண்டையும் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைக்க வெட்கப்படத் தேவையில்லை.

பாடசாலைகளுக்கும் ஒரு வார்த்தை. சங்கக் காசு கட்டாத பிள்ளைகளின் பெயரை வகுப்பில் உரக்க வாசிக்கும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. வீட்டில் எவ்வளவு பக்குவமாகச் சொல்லி வைத்தாலும் அந்த ஒரு நிமிடத்தில் எல்லாம் கரைந்துவிடும். காசு சேராததற்குப் பெற்றோருக்குக் கடிதம் எழுதலாம்.

அம்மா கடைக்குப் போகவில்லை

இவை எல்லாவற்றையும்விடக் கடினமான பேச்சு ஒன்று இருக்கிறது. கண்டி மாவட்டத்திலிருந்து வீட்டு வேலைக்கு மத்திய கிழக்குக்குப் போகும் தாய்மாருக்கு அது நன்றாகத் தெரியும். 2022இல் மட்டும் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட இலங்கையர் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். அதுவரை எந்த வருடமும் காணாத தொகை. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் போகமுடியாது என்று 2013இல் ஒரு கட்டுப்பாடு வந்தது. நாடு டொலருக்குத் தவித்த 2022 ஜூனில் அந்த வயதை இரண்டாகக் குறைத்தது அமைச்சரவை. நாட்டின் கடனும் வீட்டின் கடனும் சேர்ந்து இரண்டு வயதுப் பிள்ளையின் கணக்கில் எழுதப்பட்டன என்றுதான் இதைச் சொல்ல வேண்டும்.

போகும் அன்று என்ன நடக்கிறது? பிள்ளை அழும் என்று விடியற்காலை மூன்று மணிக்கு, தூங்கும்போதே கிளம்பிவிடுவார்கள். காலையில் எழுந்து கேட்டால் அம்மம்மா, “அம்மா கடைக்குப் போயிருக்கா, வந்துருவா” என்பார். பிள்ளை வாசலில் உட்காரும். அடுத்த நாளும் உட்காரும். ஒரு கிழமை கழித்து வீடியோ கோலில் அம்மா முகம் வரும்போது பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். “சரியான கோபக்காரன்” என்று வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள்.

மூன்று வயதுப் பிள்ளைக்கும் சொல்லலாம். போவதற்கு ஒரு மாதம் முன்பே சொல்லத் தொடங்க வேண்டும், ஒரு தடவை அல்ல, பல தடவை. அம்மா விமானத்தில் தூர ஊருக்கு வேலைக்குப் போகிறாள். கடனைக் கட்டவும் கூரைக்குத் தகரம் போடவும். நீ அம்மம்மாவோடு இருப்பாய், இந்தப் பாயில்தான் படுப்பாய், வெள்ளிக்கிழமைகளில் போனில் பேசுவோம். அழட்டும், தாயும் கூட அழட்டும். புறப்படும் நேரத்தில் எழுப்பிச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். எப்போது வருவாய் என்று கேட்டால், “சீக்கிரம்” என்பது பதில் அல்ல. ஒப்பந்தம் இரண்டு வருடம் என்றால், இரண்டு தீபாவளி போனதும் என்று சொல்லலாம், இரண்டு பெரஹராவுக்கு அம்மா இருக்கமாட்டாள் என்று சொல்லலாம். ஒப்பந்தம் நீடிக்கக்கூடும் என்றால் அதையும் போனில், தாயே சொல்ல வேண்டும். அம்மம்மா மூலம் சொல்லியனுப்பக் கூடாது.